உடல் எழுதும் பேரேடு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர். இசை பாடுவோர் உளர். இவ்வாண்டு நமது செயலாளர் அவர்கள், "உடல்நலம் பற்றிச் சிறிது நேரம் பேசுங்கள்" என்று நம்மைப் பணித்தபோது நாம் பெரிதும் தயங்கினோம். நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். மெட்ரிக் தேறி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் எழுத்தராகக் காலம் கழிப்பவர். அதிலும் எங்கே நின்று பேசுகிறோம்? 1948ஆம் ஆண்டில் தோன்றிய ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி அமைந்துள்ள வானவடியிலே! கொல்லர் தெருவில் ஊசி விற்கப் புகுந்த கதையாகும் இது. நாம் கொண்டு வந்திருப்பதும் ஊசியைப் பற்றிய பேச்சே என்பதனை எண்ணினால் நமக்கே நகைப்பு வருகிறது.

ஆயினும் இதனைப் பேசுவதற்கு எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம். அது விளங்க வேண்டுமாயின், நோயை நமது உடல் எவ்வாறு எதிர்க்கிறது என்பதனை முதலில் அறிதல் வேண்டும்.

உடலின் முதல் அரண் தோல். காயம் படாத தோலைத் துளைத்து உட்புகுதல் பெரும்பாலான கிருமிகளுக்கு இயலாத செயல். கண், மூக்கு, வாய் என்னும் வாயில்களிலும் காவல் உண்டு. மூச்சுக் குழலில் உள்ள சளி கிருமியை ஒட்டிப் பிடிக்கிறது. அங்குள்ள நுண்மயிர்கள் அதனை மேல்நோக்கித் தள்ளுகின்றன. இருமலும் தும்மலும் அதனை வெளியே எறிகின்றன. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கிருமிகளின் மேலுறையைச் சிதைக்கும் லைசோசைம் என்னும் பொருள் இருப்பதனை 1922ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஃபிளெமிங் கண்டறிந்தார். உணவோடு உள்ளே சென்ற கிருமிகளுள் பெரும்பாலானவற்றை இரைப்பையின் அமிலம் அழித்துவிடுகிறது.

அரண் உடைந்தால் என் செய்வது? காலில் முள் தைக்கிறது. மறுநாள் அவ்விடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது. நாம் அதனைத் துன்பம் என்கிறோம். உண்மையில் அது உதவி வந்து சேர்ந்ததன் அறிகுறி. 1882ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த மெச்னிகாவ் என்னும் உருசிய அறிஞர், கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் உடல் கொண்ட நட்சத்திர மீன் குஞ்சுகளினுள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலை நுண்பெருக்கியில் பார்த்தபோது, ஊர்ந்து திரியும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அயற்பொருளை விழுங்கும் அணுக்கள் உடலில் உண்டு என்னும் கொள்கை அவ்வாறு பிறந்தது. 1908ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நமது குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. கிருமி புகுந்த இடத்திற்கு அவை விரைந்து சென்று அதனை விழுங்குகின்றன. போரில் தாமும் மடிகின்றன. புண்ணில் நாம் காணும் சீழ், பெரும்பாலும் நமக்காக மடிந்த அவ்வணுக்களின் குவியலே. காய்ச்சலும் உடல் தானே மூட்டுகிற தீ. அவ்வெப்பத்தில் பல கிருமிகள் பெருகுவது தடைப்படுகிறது. வெள்ளணுக்களின் வேலை விரைவுபடுகிறது.

இவ்விரண்டு காவலும் பிறவியிலேயே வந்தவை. வருகிறவன் எவன் என்று இவை நுணுகி ஆராய்வதில்லை. அயலான் என்று கண்டால் அடிக்கும். ஆளைக் கண்டு, பெயரை எழுதி, மறுமுறை வந்தால் அடையாளம் காணும் காவல் மூன்றாவதாக ஒன்று உண்டு. நமது இன்றைய பேச்சின் உயிர்நிலை அதுவே.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. தொண்டையில் நோய் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறது. இதனை நமது பாட்டிமார் நன்கு அறிவர். அந்த நெறி, நிணநீர்க் கணு எனப்படும். நோய் புகுந்த இடத்திலிருந்து சில அணுக்கள் கிருமியின் ஒரு துணுக்கைச் சுமந்துகொண்டு அங்கே வருகின்றன. அங்கே லிம்ஃபோசைட்டு என்னும் வெள்ளணுக்கள் எண்ணற்றவை காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தை மட்டுமே பற்ற வல்லது. ஒரு பூட்டிற்கு ஒரு சாவி என்பது போல, வந்த துணுக்கிற்குப் பொருந்தும் அணு எதுவோ அது மட்டும் விழித்துக்கொண்டு பல்லாயிரமாகப் பெருகுகிறது. கணு வீங்குவது அதனால்தான்.

அவ்வாறு பெருகிய அணுக்களுள் 'பி' என்னும் வகையினின்றும் எதிர்ப்பொருள் சுரக்கிறது. அது குருதியில் கலந்து சென்று கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதனை முடக்குகிறது. 'டி' என்னும் வகையோ, கிருமி ஒளிந்திருக்கும் நமது அணுக்களையே தேடி அழிக்கிறது. இவ்வகை அணுக்கள் நெஞ்சகத்தில் உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடலையே தாக்கக் கூடியவை பெரும்பாலும் அங்கேயே களையப்படுகின்றன. தப்பித்தவறிச் சில எஞ்சிவிட்டால், சொந்த மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய்கள் தோன்றும். தீங்கற்ற மகரந்தத் தூளைப் பகையென்று மயங்கித் தாக்கினால் ஒவ்வாமை தோன்றும். காவலர்க்கு வீரம் மட்டும் போதாது. ஆளறியும் அறிவும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இங்கே எங்கள் அலுவலகத்தைச் சற்று எண்ணிப் பார்க்கிறோம். இன்று கணிப்பொறி வந்துவிட்டது. நாங்கள் பணியிற் சேர்ந்த நாளில் பல பதிவுகளைக் கையால் எழுதிவந்தோம். அதுவரை காணாத புதுச் சரக்கு ஒன்று வந்தால், அஃது எந்த வகுப்பு, என்ன கட்டணம் என்று நூல்களைப் புரட்டித் தேடுவதற்கே அரை நாள் கழியும். அதே சரக்கு மறுமுறை வந்தால் பழைய பேரேட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தைப் பார்த்து, உடனே அனுப்பிவிடுவோம். உடலும் இவ்வாறே. ஒரு கிருமி முதன்முறை புகும்போது, தக்க எதிர்ப்பொருள் போதிய அளவு சுரப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகிறது. அதற்குள் நோய் தன் கொடுமையைக் காட்டிவிடும். ஆனால் போர் முடிந்த பின்னும் சில அணுக்கள் நினைவைத் தாங்கி உடலில் தங்கிவிடுகின்றன. அக்கிருமி மறுமுறை வந்தால் சில நாள்களிலேயே எதிர்ப்பொருள் பெருகிவிடும். பல சமயங்களில் நோய் வந்து போனதே நமக்குத் தெரியாது.

இந்த நினைவு எத்துணைக் காலம் நிற்கும்? வட அட்லாந்திக் கடலில் ஃபேரோ என்னும் தீவுக் கூட்டம் உண்டு. அங்கே 1781ஆம் ஆண்டில் தட்டம்மை பரவிற்று. பின்னர் 65 ஆண்டுகள் அந்நோய் அங்கே தலைகாட்டவில்லை. 1846ஆம் ஆண்டில் மீண்டும் வந்தபோது, ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேரை அது பற்றிற்று. ஆராயச் சென்ற பானும் என்னும் டேனிய மருத்துவர் ஒரு வியப்பைக் கண்டார். 1781இல் நோய் கண்டு பிழைத்திருந்த முதியோருள் ஒருவரைக்கூட அது மறுமுறை தீண்டவில்லை! ஓர் ஆயுட்காலம் கழிந்த பின்னும் உடலின் பேரேட்டில் அந்தப் பக்கம் அழியாமல் இருந்தது.

நோய் வந்தால்தான் அப்பக்கம் எழுதப்படும் என்றால் அதன் விலை மிகவும் பெரிது. நோயின்றியே எழுத வழி உண்டா? அவ்வழியே தடுப்பூசி. கொல்லப்பட்ட கிருமியையோ, வலிமை குன்றச் செய்த கிருமியையோ, அதன் ஒரு துணுக்கையோ உடலுக்குக் காட்டினால், உடல் அதனைப் பகையென்றே கருதிப் பேரேட்டில் எழுதிவைத்துக்கொள்கிறது.

இக்கலையின் வரலாற்றில் நாம் வாழும் இவ்வூருக்கும் இடம் உண்டு. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக்கு நோய் விரைவில் அந்நாளைய பூனாவையும் பற்றிற்று. பம்பாயில் அதற்குத் தடுப்பூசி காண முனைந்தவர் வால்டெமார் ஹாஃப்கின். முள்ளைச் செருகி ஆராய்ந்த மெச்னிகாவிடம் ஒடெசா நகரில் பயின்ற மாணவர் இவரே. பிளேக்குக் கிருமியை வளர்த்து, வெப்பத்தால் கொன்று, அதனை 1897 சனவரி 10ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவ்வூசி எங்கும் பரவுவதற்கு முன்னரே, அதே ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், பிளேக்கு நோயாளர்க்குத் தொண்டு செய்துவந்த சாவித்திரிபாய் புலே அம்மையார் அந்நோய்க்கே பலியானார். பெண்களுக்குக் கல்வி தந்த அப்பெருமாட்டியின் மகன் நோயாளர்க்கென நடத்திய மருத்துவ இல்லம், இங்கிருந்து சில கல் தொலைவில் உள்ள ஹடப்சரில் இருந்தது. இன்று அதே ஹடப்சரில், 1966ஆம் ஆண்டில் தொடங்கிய சீரம் நிறுவனம் உலக நாடுகள் பலவற்றுக்கும் தடுப்பூசி செய்து அனுப்புகிறது. 1952ஆம் ஆண்டில் தோன்றிய வைரசு ஆய்வு நிலையம் இன்று தேசிய வைரசு ஆய்வு நிறுவனம் என்னும் பெயருடன் இந்நகரில் பணிபுரிகிறது. கொரோனாக் கொடுமையின்போது 2021 சனவரி 12ஆம் நாள் விடியலில் முதல் ஊசி மருந்துப் பெட்டிகள் புனேயினின்றும் புறப்பட்டதை நாம் யாவரும் அறிவோம்.

இத்தகைய ஊரில் வாழும் நாம் ஊசியின் அருமையை மறக்கலாமா? மறந்தோம். அதனைச் சொல்லவே வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறோர் ஊரிலிருந்து புனேக்கு எங்களுக்கு மாற்றல் ஆணை வந்தது. மூட்டை கட்டும் பரபரப்பில், இளைய மகனின் தடுப்பூசி அட்டை எப்பெட்டியிலோ போய்ச் சேர்ந்தது. தட்டம்மைக்கு ஒன்பது திங்கள் நிறைந்ததும் ஒரு தவணை, பதினாறு முதல் இருபத்துநான்கு திங்களுக்குள் மறு தவணை போடவேண்டும். முதல் தவணை போட்டிருந்தோம். "ஒன்று போட்டாயிற்று; பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்; அட்டை கிடைத்ததும் பார்ப்போம்" என்று இருந்துவிட்டோம். ஒன்பதாம் திங்களில் போடும் ஊசி, நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ பதினைந்து பேருக்குப் பயன் தராமற் போகும் என்பதும், அவர்களைக் காக்கவே மறு தவணை என்பதும் அன்று எங்களுக்குத் தெரியாது. பிறர் ஏட்டில் ஒரு பதிவு விடுபட்டால் சிவப்பு மையால் சுழிக்கும் எழுத்தராகிய நாம், சொந்த மகனின் ஏட்டில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டோம்.

அவனுக்கு நான்கு வயதில் காய்ச்சலும் மூக்கொழுகலும் வந்தன. சளிக் காய்ச்சல் என்று எண்ணினோம். அந்நாள்களிலும் அவன் வழக்கம்போல் அடுத்த வீட்டுத் தொட்டிலருகே விளையாடிக்கொண்டிருந்தான். அத்தொட்டிலில் மராத்தியக் குடும்பம் ஒன்றின் ஏழு திங்கள் குழந்தை. நான்காம் நாள் எங்கள் மகன் உடலெங்கும் சிவந்த புள்ளிகள் தோன்றின. மணல்வாரி அம்மை! உடனே வாயிலில் வேப்பிலை செருகினோம். யாரையும் உள்ளே விடவில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவது, அயலார் வாராதிருக்க நம் முன்னோர் வைத்த அறிவிப்பு. அது நல்ல வழக்கமே. ஆனால் தட்டம்மையோ, புள்ளி தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னதாகவே பிறரைத் தொற்றத் தொடங்கிவிடும். எங்கள் வேப்பிலை காலம் கடந்து வந்தது.

எங்கள் மகன் தேறிவிட்டான். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பின்னர் அது நுரையீரலைப் பற்றி, பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தது. இறையருளாலும் மருத்துவர் திறத்தாலும் பிழைத்தது. அதன் தாயார் எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் இல்லாளை "வஹினி" என்று அழைப்பதையும் அவர் நிறுத்தவில்லை. அடுத்த ஹோலிக்கும் வழக்கம்போல் அவ்வீட்டினின்றும் பூரண போளி வந்தது. அதனை விழுங்குதல் எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை.

அக்குழந்தையின் பெற்றோர் எக்குற்றமும் செய்யவில்லை. அதற்கு ஊசி போடும் வயதே வரவில்லை. கருவில் இருக்கும்போது தாய் தன் எதிர்ப்பொருளைத் தொப்புள்கொடி வழியே குழந்தைக்கு அளிக்கிறாள். சீம்பாலிலும் தாய்ப்பாலிலும் மேலும் அளிக்கிறாள். சீம்பாலை ஆகாதென்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் இன்னும் எங்கேனும் இருந்தால் அதனை இன்றே விட்டொழிக்க வேண்டும். ஆயினும் கருவில் பெற்ற அக்கொடை சில திங்களில் தேய்ந்துவிடும். அது தேய்ந்த பின்னும் ஊசி போடுவதற்கு முன்னும் உள்ள அந்த இடைவெளியில், குழந்தைக்கு நாம் ஒவ்வொருவரும்தான் வேலி. புற்றுநோய்க்கு மருந்து உண்போர் போன்ற வலிமை குன்றியவர்களுக்கும் நாமே வேலி. தட்டம்மை கண்ட ஒருவர், காப்பற்றோர் நடுவே 12 முதல் 18 பேருக்கு அதனைத் தரவல்லவர். அவர் நீங்கிய அறையின் காற்றிலும் இரண்டு மணி நேரம் வரை அக்கிருமி தங்கும். நூற்றுக்கு 95 பேர் காப்புப் பெற்றிருந்தால்தான் அது பரவ வழியின்றி ஒழியும். வேலியில் ஒரு கழி போனால் ஆடு புகும். நாங்கள் பிடுங்கியது அந்த ஒரு கழி.

குழந்தை வீடு திரும்பிய பின்னும் அந்த ஆண்டு முழுதும் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்கு அதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்ல நாம் மருத்துவர் அல்லோம். ஆனால் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பின்னர் அறிந்தபோது உள்ளம் நடுங்கியது. நெதர்லாந்து நாட்டில் ஊசி போடாத 77 குழந்தைகளின் குருதியைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தனர். முன்பு பல நோய்களுக்கு எதிராக அவர்கள் பெற்றிருந்த எதிர்ப்பொருள்களுள் 11 முதல் 73 விழுக்காடு வரை அந்நோய் அழித்துவிட்டிருந்தது! ஏனைய நோய்கள் பேரேட்டில் ஒரு பக்கம் எழுதிச் செல்கின்றன. தட்டம்மையோ, தன் பக்கத்தை எழுதிவிட்டு மற்றப் பக்கங்களைக் கிழித்துச் செல்கிறது. எழுத்தராகிய நமக்கு இதனினும் பெரிய கொடுமை தோன்றவில்லை.

"சத்துள்ள உணவும் கசாயமும் போதாவோ?" என்று தாய்மார் சிலர் கேட்கலாம். சத்துணவு கட்டாயம் வேண்டும். வைட்டமின் ஏ குறைந்த குழந்தையைத் தட்டம்மை மிகவும் வருத்தும். ஆதலின் நோய் கண்ட குழந்தைக்கு மருத்துவர் அவ்வைட்டமினைத் தருகின்றனர். முருங்கைக்கீரையும் மாம்பழமும் பப்பாளியும் அச்சத்தை அளிப்பவை. ஆனால் உணவு படைக்கு ஊட்டம் தரும்; பகைவன் முகத்தை அதனால் காட்ட இயலாது. அதனைக் காட்டுவது ஊசி ஒன்றே. ஊசி போட்ட இரவில் குழந்தைக்குச் சிறிது காய்ச்சல் கண்டால் அஞ்சற்க. பேரேட்டில் எழுத்து ஏறுகிறது என்று கொள்க. காய்ச்சல் மிகுந்தாலோ நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டுக.

நம்மைப் போன்று மாற்றல் ஆணைக்கு உட்பட்டு ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களிலேதான் தவணை தவறுகிறது. ஆதலின் மூன்று வேண்டுகோள்கள். இன்றிரவு உறங்குமுன் குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். அதனைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மாற்றலாகி வந்தால், பள்ளிக்கூடம் தேடுமுன் அருகிலுள்ள அரசு நலவாழ்வு நிலையத்தைத் தேடுங்கள். இவ்வூசி அங்கே இலவசம். தவணை தவறியிருந்தால் நாணாமல் சென்று கேளுங்கள். விடுபட்ட தட்டம்மைத் தவணையை ஐந்து வயது வரை அங்கே போடுவர். நம் சங்கத்திற்குப் புதிதாக வந்து சேரும் குடும்பத்தை, "எந்த ஊர்?" என்று கேட்பதோடு, "அட்டை இருக்கிறதா?" என்றும் கேட்போம்.

இவற்றால் ஆவதென்ன என்று எண்ணவேண்டா. நம் பாட்டனார் காலத்தில் வைசூரி என்றால் ஊரே நடுங்கும். இந்நாட்டின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே திங்களில் அசாம் மாநிலத்துக் கரீம்கஞ்சு இரயில் நிலையத்தில் கண்டறியப்பட்டார். எத்தனையோ நூற்றாண்டுகள் நம்மை வாட்டிய நோயின் பயணம் நம் நாட்டில் ஓர் இரயில் நிலையத்தில் முடிந்தது. 1980இல் உலகினின்றே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று அம்மை குத்திய பெயரறியாத பணியாளர்களும், கை நீட்டிக் குத்திக்கொண்ட நம் முன்னோருமே அவ்வெற்றிக்கு உரியவர்.

அடுத்த வீட்டுக் குழந்தை இன்று பள்ளிக்குச் செல்கிறது. மாலையில் எங்கள் மகனோடு பந்தாடுகிறது. எங்கள் மகனின் அட்டையும் பின்னர் ஒரு தகரப் பெட்டியின் அடியில் அகப்பட்டது. மறு தவணைக்குரிய கட்டம் அதில் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. உங்கள் வீட்டு அட்டையில் அவ்வாறு ஒரு கட்டமும் இராதிருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.